வஹாகாவில் இறந்தோர் நாள்: கல்லறைத் தோட்டத்துக்கு விருந்தாளியாகப் போவது எப்படி?

மெக்சிகோவில் நவம்பர் 1 இறந்த குழந்தைகளுக்கும், நவம்பர் 2 பெரியவர்களுக்கும் உரிய நாள். போனவர்கள் வீடு தேடி வருகிறார்கள் என்பது நம்பிக்கை. வருகிறவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து, பூ வைத்து, விளக்கேற்றிக் காத்திருப்பார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு வஹாகா நகரம்தான் எங்கள் பரிந்துரை. நகரில் தங்கிக்கொண்டே சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய்வரலாம். கல்லறைத் தோட்டத்தில் நீங்கள் கால் வைக்கும் இடமெல்லாம் யாரோ ஒருவருடைய அம்மா உறங்கும் இடத்துக்குப் பக்கம். இனிச் சொல்வதெல்லாம் அதை ஒட்டியே.

1. நாளைச் சரியாகப் பிடியுங்கள்

நவம்பர் 1 காலையில் வந்து இறங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய. வஹாகாவை ஒட்டிய ஹோஹோகோத்லான், அட்சோம்பா இரண்டு ஊரிலும் கல்லறையில் கண்விழிப்பது அக்டோபர் 31 இரவே. 29ஆம் தேதிக்குள் வஹாகா சேர்ந்துவிடுங்கள். மெக்சிகோ சிட்டியிலிருந்து பேருந்தில் ஆறேழு மணி நேரம் ஆகும். அறையை ஆறு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். கடைசி நேரத்தில் கிடைக்காது.

2. சந்தைக்குப் போங்கள்

30ஆம் தேதி காலை அபாஸ்தோஸ் சந்தை. அங்கே குவிந்திருக்கும் 'செம்பசூச்சில்' வேறொன்றுமில்லை, நம் செண்டுமல்லிதான். அந்தப் பூவின் தாய்நாடே மெக்சிகோ. அதன் நிறமும் வாசனையும் வருகிறவர்களுக்கு வழிகாட்டும் என்பார்கள். பக்கத்திலேயே கோழிக்கொண்டைப் பூவும் இருக்கும். இரண்டிலும் ஒவ்வொரு கட்டு, கண்ணாடிக் குவளையில் வார்த்த மெழுகுவத்தி நான்கு (சாதாரண மெழுகுவத்தி காற்றுக்கு நிற்காது), தூபம் போட ஒரு கைப்பிடி 'கோபால்' என்ற மரப்பிசின், இறந்தோர் ரொட்டி இரண்டு வாங்குங்கள். வஹாகா ரொட்டியின் தலையில் சின்னதாக வண்ணம் தீட்டிய ஒரு முகம் பதித்திருக்கும். அதில் முட்டை மஞ்சள்கரு சேரும், சைவர்கள் கவனிக்க.

3. அறையில் ஒரு சின்னப் படையல்

விடுதிக்காரரிடம் கேட்டுவிட்டு, சுவரோரம் பெட்டி மேல் பெட்டியாக இரண்டு தட்டு அமைத்துத் துணி விரியுங்கள். மேல் தட்டில் உங்கள் வீட்டில் இறந்தவரின் படம். உயிரோடிருக்கும் யாரும் அந்தப் படத்தில் இருக்கக் கூடாது. குழுப்படம் வைத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கீழ்த் தட்டில் ஒரு குவளைத் தண்ணீர் (நெடுந்தூரம் நடந்து வந்த தாகத்துக்கு), கொஞ்சம் உப்பு, ரொட்டி, அவருக்குப் பிடித்த பண்டம்.

கோபால் நம் குங்கிலியத்துக்கு நெருங்கிய வாசனை. மண் தூபக்காலில் கரியைப் பற்றவைத்து, அதன் மேல் சாம்பல் பூக்கும்வரை பொறுங்கள். பிறகு பட்டாணி அளவுக்கு ஒரு துண்டு போதும். கரி முழுதும் பற்றுமுன் போட்டால் பிசின் உருகி வழிந்து நெருப்பை அமுக்கிவிடும், கரும்புகைதான் மிஞ்சும். புகை எச்சரிப்பு மணி இருக்கும் அறையென்றால் தூபத்தை முற்றத்தில் போடுங்கள்.

4. கல்லறை இரவு

ஹோஹோகோத்லான் நகரின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது; உள்ளூரில் சுருக்கமாக 'ஹோஹோ'. பொழுது சாயுமுன் போய்விடுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் சுற்றுலா வண்டிகள் வந்து சாலை அடைத்துக்கொள்ளும், திரும்பி வர டாக்சி கிடைக்காது. அதனால் திரும்பும் வண்டியை முன்பே பேசிவையுங்கள். ஊர் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கம்பளிச் சட்டை வேண்டும்.

மண்மேட்டையும், தரையில் தூவிய பூவிதழ்ப் பாதையையும் மிதிக்காதீர்கள். கல்லறைச் சுவரில் உட்காரக் கூடாது. நெருக்கத்தில் கடக்கும்போது 'கோன் பெர்மிசோ' (கொஞ்சம் வழி விடுங்கள்) என்று சொல்லிவிட்டு நகருங்கள். குடும்பத்தாரிடம் 'புவேனாஸ் நோச்சேஸ்' என்று வணக்கம் சொல்லி, கொண்டுபோன மெழுகுவத்தியையோ பூவையோ கொடுங்கள். பேச்சு வந்தால் இறந்தவரின் பெயரைக் கேளுங்கள். அதைச் சொல்லத்தான் அவர்கள் விழித்திருக்கிறார்கள். படம் எடுக்கும் ஆசை அதற்குப் பிறகு வரட்டும்: 'புவேதோ தோமார் உனா ஃபோட்டோ?' தலையசைத்தால் மட்டும் எடுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது. ஒரு வெளிச்சம் அடித்தாலே, நூறு மெழுகுவத்திக்குப் பழகிய கண்கள் கூசிவிடும்.

முகத்தில் எலும்புக்கூடு வரைந்துகொள்ள ஆசையா? அது தெருவில் மேளத்தோடு போகும் 'கொம்பார்சா' ஊர்வலத்துக்குப் பொருந்தும். பலரும் போடும் அந்த வேடம், தொப்பி வைத்த எலும்புக்கூட்டுப் பெண்ணான 'கத்ரீனா' உருவமே, சுமார் 1910இல் மெக்சிகோ ஓவியர் ஹோசே குவாதலூப்பே பொசாதா செதுக்கிய ஒரு கேலிப்படத்திலிருந்து வந்தது. அந்த வேடத்தோடு கல்லறைக்குப் போகாதீர்கள்.

5. கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்

ஒரு வாய் மெஸ்கால் மதுவோ, தமாலோ (சோளமாவை இலையில் பொதிந்து வேகவைத்த பண்டம்) நீட்டுவார்கள். மது வேண்டாமென்றால் கையை நெஞ்சில் வைத்து 'கிராசியாஸ்' (நன்றி) என்றால் போதும். தமால் மாவில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு சேரும். கருப்பு மோலே என்ற மசாலாக் குழம்பு கோழியோ வான்கோழியோ கலந்து வரும். சைவர்களுக்குத் தண்ணீரில் கலக்கிய சூடான சாக்லேட் இருக்கிறது.

நவம்பர் 2 முடிந்ததும் படையலைப் பிரித்துப் பகிர்ந்து உண்பார்கள். வந்தவர்கள் மணத்தை எடுத்துக்கொண்டு போனதால் பண்டத்தில் சுவை குறைந்திருக்கும் என்பது பேச்சு. உங்கள் ரொட்டியும் இரண்டு நாளில் காய்ந்திருக்கும். அதைச் சாக்லேட்டில் நனைத்துச் சாப்பிடுங்கள், விடுதிக்காரருக்கும் ஒரு துண்டு கொடுங்கள்.