ஜெபம் வராத நாட்களில் அகரவரிசையில் புலம்புங்கள்

என் வீட்டுக்காரர் ஈரோடு மஞ்சள் மண்டியில் எடை போடும் வேலையில் இருந்தார். மூன்று வருடத்துக்கு முன், தை மாதத்தில், ஒரு நாள் விடியற்காலை நெஞ்சுவலி வந்து போய்விட்டார். அடக்க ஆராதனை முடிந்ததும் சபையார் ஒருவர் என் கையைப் பிடித்து, "அழாதீங்க, சாட்சி கெட்டுடும்" என்றார். விசுவாசி அழுதால் பார்ப்பவர்கள் நம் விசுவாசத்தைக் குறைவாக நினைப்பார்கள் என்று அர்த்தம். அப்புறம் பல வாரம் எனக்கு ஜெபமே வரவில்லை. அந்த நிலையில் இப்போது இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நம்பிக்கையில்லாத மற்றவர்களைப்போல துக்கிக்க வேண்டாம் என்று அப்போஸ்தலன் பவுல் தெசலோனிக்கே ஊர்ச் சபையாருக்கு எழுதினார். துக்கமே வேண்டாம் என்று எழுதவில்லை. செத்துப்போன சிநேகிதன் லாசருவை உயிரோடு எழுப்பப்போவது தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார் (யோவான் 11:35). எழவு கேட்க வந்த பக்கத்து வீட்டு ஆத்தா வேதாகமம் படித்தவர் இல்லை. "வாய்விட்டு அழுதுரு கண்ணு" என்று என்னைக் கட்டிக்கொண்டார். அவர் செய்ததுதான் சரி.

முதல் வாரம் எதையும் படிக்க வேண்டாம். யாராவது ஒருவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், போதும். வேதாகமத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் 7 நாள் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் அவனை நோகடித்தார்கள்.

அப்புறம் வேதாகமத்தின் பாட்டுப் புத்தகமான சங்கீதத்தில் 13-ம் சங்கீதத்தை எடுங்கள். 6 வசனம்தான். முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறது. மனதுக்குள் படிக்காதீர்கள், சத்தமாகப் படியுங்கள். வீட்டில் ஆட்கள் இருந்தால் மொட்டைமாடிக்குப் போய்விடுங்கள். நான் துணி காயப்போடும் நேரத்தில் படித்தேன். கடைசி இரண்டு வசனம் நம்பிக்கையும் பாட்டுமாக வரும். அது வாயில் வராவிட்டால் நான்காம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். 88-ம் சங்கீதம் கடைசி வரைக்கும் விடிவு சொல்லாமலேயே முடிகிறது. அதையும் தேவன் தம் புத்தகத்தில் வைத்திருக்கிறார்.

எனக்கு உண்மையில் உதவியது வேதாகமத்தில் உள்ள புலம்பல் புத்தகம். எருசலேம் அழிந்தபோது பாடியது. அது முதலில் எழுதப்பட்ட எபிரெய மொழியில், முதல் நான்கு அதிகாரங்களிலும் வசனங்களின் முதல் எழுத்து அகரவரிசையில் வரும். அந்த மொழிக்கு 22 எழுத்து. அதனால் 1, 2, 4 அதிகாரங்களில் 22 வசனம், மூன்றாவதில் எழுத்துக்கு மூன்றாக 66. தமிழில் அந்த வரிசை தெரியாது. ஆயர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நெஞ்சு சிதறிக் கிடக்கும்போது பிடித்து நடக்க ஒரு வரிசையாவது இருக்கட்டும் என்றுதான் அப்படி எழுதியிருப்பார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அன்றிரவே ஒரு நோட்டு எடுத்தேன். நமக்கு உயிரெழுத்து 12. ஒரு நாளைக்கு ஓர் எழுத்து, ஒரே ஒரு வரி, கர்த்தரிடம் நேராகச் சொல்வதுபோல. அழகாக இருக்க வேண்டியதில்லை, உண்மையாக இருந்தால் போதும். என் நோட்டிலிருந்து:

அரிசி அளந்தால் கை இன்னும் இரண்டு பேருக்கே அளக்கிறது, ஆண்டவரே.
ஆறு மணிக்கு சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போகிறேன்.
இவ்வளவு சீக்கிரம் ஏன்?
ஈரத் துண்டு அவர் போட்ட கொடியிலேயே கிடக்கிறது, எடுக்க மனசில்லை.

கோபம் வந்தால் கோபத்தை எழுதுங்கள். எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டாம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் அதே எழுத்திலிருந்து தொடருங்கள். ஒவ்வொரு வரிக்கும் கீழே நான் 56-ம் சங்கீதத்தின் ஒரு துண்டை எழுதினேன்: "என்னுடைய கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்." துருத்தி என்றால் இங்கே தண்ணீர் வைக்கும் தோல் பை. அந்த வசனம் கண்ணீர் அவருடைய கணக்கில் இருப்பதாகவும் சொல்கிறது. எடைக் கணக்கு எழுதியே வாழ்ந்தவரின் மனைவிக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிது என்று சொல்லத் தெரியவில்லை.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் திரும்பாமல் இருந்தால், செத்துப்போகலாம் என்று தோன்றினால், நோட்டோடு நிற்காதீர்கள். உடனே வீட்டாரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழைத்தால் தமிழிலேயே பேசலாம். அது விசுவாசக் குறைவு இல்லை.

எனக்கு 12 எழுத்தும் முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. 'ஔ'வுக்கு எதுவும் வரவில்லை. அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டு, அதன் கீழேயும் துருத்தி வசனத்தை எழுதி வைத்திருக்கிறேன்.