வண்டி ஸ்லோல மிஸ் அடிக்குதா? பார்ட் மாத்துறதுக்கு முன்னாடி எந்த சிலிண்டர்னு பாருங்க

மாருதி 800, ஆம்னி, பழைய ஜென் இன்னும் ஓட்டிட்டு இருக்குறவங்க நிறைய பேருக்கு இந்த பிரச்சனை இருக்கு. சிக்னல்ல நின்னா ஸ்டியரிங் உதறுது, இன்ஜின் ஒரு மாதிரி தடுமாறுது, சில நேரம் ஆஃபே ஆயிடுது. உடனே பிளக் மாத்துவாங்க, சரியாகலன்னா வயர் செட்டு, அப்புறம் காயில், கடைசில கார்புரேட்டரையே மாத்த சொல்வாங்க, இப்படி ஆயிரக்கணக்குல செலவு பண்ணியும் அதே மிஸ்ஸிங்கோட (ஒரு சிலிண்டர் எரியாம விட்டுப் போறது) ஓட்டுறவங்கள பார்த்தா மனசு கஷ்டமா இருக்கும். ஏன்னா இதை வீட்டு வாசல்லயே ஒரு காலைப்பொழுதுல கண்டுபிடிச்சிடலாம். எந்த சிலிண்டர் வேலை செய்யல, அதுக்கு ஸ்பார்க் வரலையா, பெட்ரோல் சரியா போகலையா, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள காத்து அமுங்குற அழுத்தம்) இல்லையா, இந்த வரிசைல போனா போதும்.

முதல்ல அது மிஸ்ஸிங் தானான்னு பாருங்க. வண்டிய ஸ்லோல, அதாவது ஆக்ஸிலரேட்டர் குடுக்காம ஓட விட்டுட்டு பின்னாடி போய் சைலன்சர் சத்தத்த கேளுங்க, குழாய தொடாம கொஞ்சம் தள்ளி கைய நீட்டி காத்த கவனிங்க. சத்தமும் காத்தும் ஒரே சீரா வருது ஆனா உள்ள மட்டும் உதறுதுன்னா இன்ஜின் மவுண்ட் ரப்பர் போயிருக்கும், 3 சிலிண்டர் இன்ஜின்ல இது ரொம்ப சகஜம், பிளக்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நடுநடுல ஒரு அடி விட்டுப் போயி பொத் பொத்துன்னு வந்தா மிஸ்ஸிங் தான்.

எப்ப வருதுன்னும் குறிச்சு வச்சுக்கோங்க. ஸ்லோல மட்டும் தடுமாறி ஆக்ஸிலரேட்டர் குடுத்தா சரியாகுதுன்னா ஏர் லீக் இல்ல ஸ்லோ ஜெட் (கார்புரேட்டர்ல ஸ்லோவுக்கு பெட்ரோல் விடுற சின்ன துளை) அடைப்பு மேல தான் முதல் சந்தேகம். மேடு ஏறும்போது, லோடு வச்சு இழுக்கும்போது அதிகமாகுதுன்னா ஸ்பார்க் வீக். மழை நாள்ல மட்டும்னா பிளக் வயரும் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பும் (ஸ்பார்க்க ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சு அனுப்புற பாகத்தோட மூடி).

இப்ப முக்கியமான டெஸ்ட். எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்கு பதிலா இன்ஜெக்டர் பெட்ரோல் அடிக்கிற) வண்டின்னா இன்ஜின் ஸ்லோல ஓடும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டர் கனெக்டரா கழட்டி மாட்டுங்க. நல்லா வேலை செய்யுற சிலிண்டரோடத கழட்டினா இன்ஜின் உடனே தொய்ஞ்சு நடுங்கும், ஏற்கனவே செத்துக் கிடக்குற சிலிண்டரோடத கழட்டினா எந்த மாற்றமும் இருக்காது, அது தான் உங்க ஆளு. கழட்டின அந்த நொடிய கவனிங்க, ஏன்னா ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) கொஞ்ச நேரத்துல ஸ்லோ வேகத்த தூக்கிக் குடுத்து சமாளிச்சிடும். கார்புரேட்டர் வண்டில பிளக் கேப்ப தான் கழட்டணும், ஆனா ஓடும்போது கையால இழுக்காதீங்க, அதுல ஆயிரக்கணக்கான வோல்ட் போகுது. இன்ஜின ஆஃப் பண்ணி ஒரு வயர கழட்டி, அதுல ஒரு ஸ்பேர் பிளக்க சொருகி, அந்த பிளக்கோட இரும்பு பாகத்த ஜம்பர் வயர் வச்சு இன்ஜின் பாடில நல்லா எர்த் பண்ணிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. எர்த் இல்லாம தொங்க விட்டா காயில் போக வாய்ப்பு இருக்கு. அந்த பிளக்ல நீலமா பளிச்னு ஸ்பார்க் வருதான்னும் அப்படியே பார்த்துக்கலாம், மஞ்சளா மங்கலா இருந்தா வீக். பக்கத்துல பெட்ரோல் கசிவு இருந்தா இதை செய்யவே கூடாது. 800-ல மொத்தமே 3 சிலிண்டர் தானே, அதுல ஒண்ணு போனா மூணுல ஒரு பங்கு பவர் போச்சு, அதனால இந்த டெஸ்ட்ல வித்தியாசம் நல்லாவே தெரியும்.

சிலிண்டர் தெரிஞ்சதும் உடனே கடைக்கு ஓடாதீங்க. 2-ஆவது சிலிண்டர் செத்துருக்குன்னு வைங்க, அதோட பிளக்க 3-ஆவதுல போட்டு 3-ஆவது பிளக்க இங்க போடுங்க. மிஸ்ஸிங் 3-க்கு மாறிடுச்சுன்னா பிளக் தான், மாறலன்னா பிளக் நல்லா இருக்கு. எம்பிஎஃப்ஐல இன்ஜெக்டரையும் இப்படியே மாத்திப் பார்க்கலாம். காசே செலவில்லாத இந்த வழிய விட நம்பகமானது எதுவும் இல்ல.

பிளக்க கழட்டும்போதே அதோட நிறத்தப் பாருங்க. காபி பொடி நிறம்னா எரியுறது சரியா இருக்கு. உலர்ந்த கரி மாதிரி கருப்புன்னா பெட்ரோல் அதிகம் இல்லன்னா ஏர் ஃபில்டர் அடைப்பு, வெள்ளையா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருந்தா லீன் (காத்து அதிகம், பெட்ரோல் கம்மி), எண்ணெய் பிசுபிசுப்புன்னா ரிங் இல்ல வால்வ் சீல். பெட்ரோல் வாசனையோட ஈரமா இருந்தா பெரும்பாலும் அங்க ஸ்பார்க் வரல. வயர மல்டிமீட்டர்ல பார்த்தா நீளத்துக்கு ஏத்த மாதிரி சில ஆயிரம் ஓம் காட்டும், ஒண்ணு மட்டும் மத்தத விட ரொம்ப அதிகமா இல்ல ஓப்பனா காட்டினா அது தூக்கிப் போட வேண்டியது தான். டிஸ்ட்ரிபியூட்டர் கேப் உள்ள பென்சில்ல கோடு போட்ட மாதிரி கருப்பு தடம் இருந்தா ஸ்பார்க் அது வழியா ஓடிடுது, துடைச்சாலும் திரும்ப வரும், மாத்திடுங்க. ராத்திரி இருட்டுல பானெட்ட தூக்கி இன்ஜின ஓட விட்டுப் பாருங்க, ஸ்பார்க் லீக் ஆகுற வயர்ல நீலமா மினுக்குறது நல்லாவே தெரியும்.

ஏர் லீக்க தான் நிறைய பேர் விட்டுடுறாங்க. ஸ்லோல த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், மேனிஃபோல்டுல (இன்ஜினுக்கு காத்து போற குழாய்) உறிஞ்சுற சக்தி அதிகம், அப்ப வெடிச்ச ஒரு சின்ன ஹோஸ் வழியா காத்து போனாலே கலவை கெட்டுடும், ஆக்ஸிலரேட்டர் குடுத்தா உள்ள போற காத்தே நிறைய ஆயிடுறதால அந்த லீக் பெருசா தெரியாது. பிரேக் பூஸ்டருக்கு போற ஹோஸ், பிசிவி ஹோஸ் (இன்ஜின் உள்ள சேர்ற புகைய மேனிஃபோல்டுக்கு கொண்டு போறது), கார்புரேட்டர் அடில இருக்குற கேஸ்கெட், இத எல்லாம் ஒவ்வொண்ணா பாருங்க. சந்தேகமான இடத்துல ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி லேசா அடிங்க, இன்ஜின் சத்தம் மாறினா அங்க தான் லீக். சிலர் கார்ப் கிளீனர் அடிப்பாங்க, அது தீப்பிடிக்கும், நான் தண்ணியே போதும்னு சொல்வேன்.

கார்புரேட்டர்ல ஸ்லோ ஜெட் அடைப்பு வந்தா ஸ்லோவே நிக்காது, மிக்ஸர் ஸ்க்ரூவ திருகிட்டே இருக்குறதுல பயன் இல்ல, கழட்டி காத்தடிச்சு சுத்தம் பண்ணணும். ஐடில் கட் சாலினாய்டு (சாவிய ஆஃப் பண்ணா ஸ்லோ பெட்ரோல நிறுத்துற வால்வ்) இருந்தா சாவிய ஆன் பண்ணும்போது டிக்னு சத்தம் வரணும். எம்பிஎஃப்ஐல த்ராட்டில் பாடி, ஐடில் வால்வ் ரெண்டுலயும் கரி கட்டியிருக்கும், கிளீனர் போட்டு துடைச்சாலே பாதி வண்டிங்க சரியாயிடும். இப்ப பங்க்ல வர்றது இ20 பெட்ரோல் (20% எத்தனால் கலந்தது), அதுல இருக்குற எத்தனாலால கலவை கொஞ்சம் லீன் ஆகும், கார்புரேட்டர் அதுவா சரி பண்ணிக்காது. பழைய ரப்பர் ஹோஸையும் அது அரிக்கும், அதனால பெட்ரோல் ஹோஸ்ல வெடிப்பு இருக்கான்னு கண்டிப்பா பாருங்க.

ஸ்பார்க் இருக்கு, பெட்ரோல் போகுது, இருந்தும் சிலிண்டர் செத்துக் கிடக்குன்னா கம்ப்ரஷன் பார்க்கணும். இன்ஜின் சூடா இருக்கும்போது எல்லா பிளக்கையும் கழட்டி, பெட்ரோலும் ஸ்பார்க்கும் வராம பண்ணிட்டு, ஒவ்வொரு பிளக் ஓட்டையிலயா கம்ப்ரஷன் கேஜ் மாட்டி, ஆக்ஸிலரேட்டர ஃபுல்லா அழுத்தி செல்ஃப் அடிங்க. கேஜ் காட்டுற அழுத்தம் சிலிண்டருக்கு சிலிண்டர் 1 கிலோவுக்கு (கிலோ/ச.செ.மீ) மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. கம்மியா இருக்குறதுல ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு திரும்ப பாருங்க, ஏறினா ரிங், ஏறலன்னா வால்வ் இல்ல கேஸ்கெட், பக்கத்து பக்கத்து ரெண்டு சிலிண்டரும் சேர்ந்து கம்மின்னா ஹெட் கேஸ்கெட் மேல சந்தேகப்படுங்க. ஆனா ஹெட்ட இறக்குறதுக்கு முன்னாடி டேப்பட் கிளியரன்ஸ (வால்வுக்கும் அத அழுத்துற பாகத்துக்கும் நடுவுல இருக்குற இடைவெளி) ஒரு தடவை செக் பண்ண சொல்லுங்க, எல்பிஜி, சிஎன்ஜி கேஸ்ல ஓடின வண்டின்னா முக்கியமா, எக்ஸாஸ்ட் வால்வ் சீட் தேய்ஞ்சு அந்த இடைவெளி குறைஞ்சு வால்வ் மூடாம நிக்கும், சீக்கிரமே பார்த்தா அட்ஜஸ்ட் பண்றதோட போயிடும், விட்டா வால்வே கருகிடும்.