மிலானுக்கு வருகிறீர்களா? ஷூ வாங்குங்கள், பையைத் தொடாதீர்கள்

காகித வேலைகளைப் பற்றி ஏற்கெனவே நிறைய பேர் எழுதிவிட்டார்கள், அதனால் வேகமாக ஓடிவிடுகிறேன். வந்து இறங்கிய எட்டு வேலை நாட்களுக்குள் தபால் நிலையத்தில் பெர்மெஸ்ஸோ (தங்கும் அனுமதி) விண்ணப்பக் கட்டை வாங்கி நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். அதில் ஒட்ட 16 யூரோ முத்திரை வில்லை சிகரெட் கடையில் கிடைக்கும். கோதிச்சே ஃபிஸ்காலே என்ற வரி எண் கையில் வரும்வரை வீட்டு ஒப்பந்தமோ வங்கிக் கணக்கோ நகராது. அவ்வளவுதான், இனி உடைக்கு வருவோம். எனக்குக் காசு போனது அதில்தான்.

ஆள் பாதி ஆடை பாதி என்று நாம் சொல்வதோடு சரி, இத்தாலியர்கள் அதைச் செய்கிறார்கள். பெல்லா ஃபிகூரா என்பார்கள். நாலு பேர் பார்க்க லட்சணமாக இருப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது வயது இருக்கும். கீழே ரொட்டி வாங்கப் போவதற்கே தேய்த்த கோட், கழுத்தில் ஸ்கார்ஃப், பாலிஷ் போட்ட ஷூ. வந்த புதிதில் நான் ஹவாய் செருப்போடு பால் வாங்கப் போனேன், லிஃப்டில் என் காலையே பார்த்துவிட்டு "குளிரவில்லையா?" என்று கேட்டார். ஜூன் மாதம்! அவர் கேட்டது குளிரைப் பற்றி இல்லை என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. செருப்பு வீட்டுக்குள், இல்லாவிட்டால் கடற்கரையில். நகரத்துக்குள் அரைக்கால் சட்டையும் அப்படித்தான், அதைப் போட்டுக்கொண்டு சுற்றினால் சுற்றுலாப் பயணி என்று எழுதி ஒட்டிக்கொண்ட மாதிரி.

ஊரிலிருந்து ஸ்வெட்டர், ஜாக்கெட் என்று பெட்டியை அடைக்காதீர்கள், இந்தக் குளிருக்கு அது போதாது. ஜனவரி முதல் வாரத்திலும் ஜூலை முதல் சனிக்கிழமையிலும் சால்தி தொடங்கும், நம் ஆடித் தள்ளுபடி மாதிரிதான், அப்போது இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். பழைய விலை, தள்ளுபடி சதவீதம், புது விலை மூன்றும் விலைச் சீட்டில் இருக்க வேண்டும் என்பது சட்டம். பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனால், வாங்கிக்கொள்வதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" போர்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் பொருளில் குறை இருந்தால் இரண்டு வருடம் கடைக்காரர்தான் பொறுப்பு, ரசீதை வைத்திருங்கள். ஓவிஎஸ், உபிம் மாதிரித் துணிக்கடைகளில் சாதாரண பேன்ட் வாங்கித் தெருமுனைத் தையற்கடையில் கால் நீளத்தைச் சரிசெய்துகொண்டாலே பாதி இத்தாலியர் ஆகிவிடுவீர்கள். இவர்கள் முதலில் பார்ப்பது அளவு, இஸ்திரி, ஷூ. பிராண்ட் எல்லாம் அதற்கு அப்புறம். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், குளிர்காலத்தில் ஜீன்ஸ் காய மூன்று நாள் ஆகும், அதனால் மூன்று பேன்ட் கட்டாயம். மொட்டை மாடிக் கொடியும் சென்னை வெயிலும் எவ்வளவு பெரிய சொத்து என்று இங்கே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இப்போது அந்தப் பை. 2022இல் ஊருக்குக் கிளம்பும் முன் அக்கா ஃபோனில் சொன்னாள்: "இத்தாலியில இருக்க, ஒரு பை வாங்கிட்டு வர மாட்டியா?" பெரிய பிராண்ட் கடைகள் இருக்கும் மோன்தெநாபொலேயோனே தெருவில் கடைக் கண்ணாடிகளில் விலையைப் பார்த்தேன். என் மாதச் சம்பளத்தையும் தாண்டியது. அன்று மாலை துவோமோ என்ற பெரிய தேவாலயத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் வெள்ளைத் துணியை விரித்து ஒருவர் பைகளை அடுக்கியிருந்தார், எல்லாவற்றிலும் பெரிய பெரிய பிராண்ட் முத்திரைகள். 50 யூரோ என்றார். நான் ரங்கநாதன் தெருவில் பேரம் பேசிப் பழகியவன், 25க்குக் கொண்டுவந்துவிட்டேன். பெருமையோடு இருபது அடி நடந்திருப்பேன், சாதாரண உடையில் இருந்த இரண்டு போலீஸ்காரர்கள் அடையாள அட்டையைக் காட்டி நிறுத்தினார்கள். திரும்பிப் பார்த்தால் துணியின் நான்கு மூலையிலும் கட்டியிருந்த கயிற்றை ஒரே இழுப்பில் இழுத்து, மொத்தக் கடையையும் மூட்டையாக்கித் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஓடிக்கொண்டிருந்தார். நான் ரசீது இல்லாத பையோடு நின்றேன்.

கவனியுங்கள், நம் ஊரில் பர்மா பஜாரில் டூப்ளிகேட் வாங்குபவனை யாரும் ஏனென்று கேட்பதில்லை. இங்கே 2005இலிருந்து வாங்குபவனுக்கும் அபராதம் உண்டு. "போலி என்று எனக்குத் தெரியாது" என்றால் எடுபடாது, ஏனென்றால் பொருளின் தரம், விலை, விற்கும் ஆள் இதையெல்லாம் பார்த்தாலே தெரிந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். நான் 25 யூரோ என்று நானே வாய்திறந்து சொன்னேன். எனக்கு எதிராக நானே சாட்சி! அப்போது குறைந்தபட்ச அபராதம் 100, உச்சம் 7,000. அறுபது நாளுக்குள் கட்டினால் குறைந்தபட்சத்தின் இரு மடங்கோடு முடியும் என்பதால் 200 யூரோவும் மேற்செலவும் கட்டித் தப்பித்தேன். பையையும் எடுத்துக்கொண்டார்கள். 2023 டிசம்பரில் வந்த சட்டம் குறைந்தபட்சத்தை 300 ஆக்கிவிட்டது, அதாவது இன்று உங்களுக்கு 600. கடற்கரையில் விற்கும் கண்ணாடி, பெல்ட், வாட்ச் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நண்பனுக்காக வாங்கினேன், பரிசுக்கு வாங்கினேன் என்ற பேச்செல்லாம் வேண்டாம், நானும் சொல்லிப் பார்த்தேன்.

அப்புறம் அடுத்த சனிக்கிழமை வியாலே பாபினியானோ சந்தைக்குப் போய், எந்தப் பெயரும் இல்லாத ஒரு தோல் பை வாங்கினேன். 40 யூரோ, பேரம் பேசவில்லை. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இதுல பேரே போடலையேடா" என்றாள். இப்போது அதில்தான் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு ஆபீஸ் போகிறாள்.