'நீயெல்லாம்' என்று உள்ளே ஒரு குரல் ஆரம்பிக்கும்போது

போன வருடம் ஒரு கொட்டேஷனில் 1,48,000 என்று போட வேண்டியதை 1,84,000 என்று போட்டு அனுப்பிவிட்டேன். வாடிக்கையாளரே போன் பண்ணிக் கேட்டார், மன்னிப்புக் கேட்டுத் திருத்தி அனுப்பினேன், முதலாளி "பார்த்து அனுப்பக் கூடாதாம்மா" என்றார். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அன்று சாயங்காலம் பஸ் ஏறியதிலிருந்து மண்டைக்குள் ஓடியது வேறு: "நீயெல்லாம் எதுக்கு வேலைக்கு வர்ற? ஒரு நம்பரைக்கூட ஒழுங்கா அடிக்கத் துப்பில்ல." முதலாளி ஒரு தடவை சொன்னார், நான் பதினைந்து நாள் சொல்லிக்கொண்டேன். குழம்பில் உப்பு கூடினாலும் அதே வசனம், பிள்ளை மார்க் குறைந்தாலும் அதே வசனம்.

நான் டாக்டர் இல்லை. ஒரு ஆலோசகரிடம் கொஞ்ச நாள் போய்க் கற்றுக்கொண்டது, படித்தது, எனக்குக் கைகொடுத்தது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில், செய்யக் கூடாத ஒன்று. "இனிமே அதைப் பத்தி நினைக்கவே கூடாது" என்று தீர்மானம் போடாதீர்கள். குரங்கை நினைக்காமல் மருந்தைக் குடி என்று நம் ஊரில் சொல்வார்களே, அதையே 1987-இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் சோதனை வைத்துப் பார்த்தார். குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. ஐந்து நிமிடம் அதை நினைக்கக் கூடாது, நினைப்பு வந்தால் மணி அடிக்க வேண்டும் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அது மட்டுமில்லை, அப்புறம் "இப்போ தாராளமா நினைக்கலாம்" என்றதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதி இருந்தவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. அமுக்கினால் எகிறும், அவ்வளவுதான்.

சரி, அமுக்காமல் என்ன செய்வது? அந்த வாக்கியத்தைப் பிடித்து எழுத வேண்டும்.

இங்கேதான் நிறையப் பேர் தப்பு பண்ணுகிறோம். "மனசு சரியில்லை", "தன்னம்பிக்கை குறைவாக இருக்கிறது" என்று மேடைத்தமிழில் எழுதினால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. உள்ளே எந்தப் பாஷையில் திட்டு விழுகிறதோ அதே பாஷையில், "துப்பில்ல", "தண்டம்", "உனக்கெங்க வரப்போகுது" என்று அப்படியே இறக்க வேண்டும். 1960-களில் ஃபிலடெல்ஃபியாவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வோடு வந்தவர்கள் வாய்விட்டுச் சொல்லும் பேச்சுக்கு அடியில் இன்னொரு பேச்சு வேகமாக ஓடுவதைக் கவனித்தார்; தன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளுக்குள் 'டாக்டருக்கு நம்மால் போரடிக்கிறது' என்று ஒருவர் நினைத்துக்கொண்டிருப்பார், கேட்டால்தான் அது வெளியே வரும். இதற்குத் தானியங்கி எண்ணங்கள் என்று பெயர் வைத்தார். சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) என்று இப்போது எல்லோரும் சொல்வது வளர்ந்தது இதிலிருந்துதான். தானாக ஓடுவதால் அது எண்ணம் என்றே நமக்குத் தெரிவதில்லை, நிஜம் என்று நினைத்துக்கொள்கிறோம். பேப்பரில் இறங்கினால்தான் ஒரு வாக்கியமாகக் கண்ணுக்குத் தெரியும்.

ஒரு சின்ன நோட்டு போதும். எத்தனை மணி, என்ன நடந்தது, உள்ளே ஓடிய வாக்கியம், அதை அந்த நேரத்தில் நூற்றுக்கு எவ்வளவு நம்பினீர்கள், இந்த நான்கை மட்டும் எழுதுங்கள். என்னுடைய முதல் பதிவு: 'மாலை 6.10, பஸ். கொட்டேஷன் தப்பு. நீயெல்லாம் எதுக்கு வேலைக்கு வர்ற. 95.' போனிலும் எழுதலாம்தான், ஆனால் நான் போனைத் திறந்தால் வேறெங்கோ போய் அரைமணி கழித்துத் திரும்புவேன், அதனால் நோட்டு.

எழுதியதைத் தமிழ் வாத்தியார் மாதிரி பாருங்கள்

ஒரு வாரம் எழுதிய பிறகு வாக்கியங்களின் இலக்கணத்தைக் கவனியுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, இதில்தான் சூட்சுமமே இருக்கிறது. எப்பவுமே, எதுவுமே, யாருமே, ஒண்ணுமே. எல்லாவற்றின் வாலிலும் ஒரு 'மே' தொங்கும். "நான் எப்பவுமே சொதப்புறேன்", "என்னை யாருமே மதிக்கறதில்ல". அந்த 'மே'வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'எத்தனை தடவை', 'யார் யார்' என்று கேள்வி போடுங்கள். நான் கணக்கெடுத்தேன். மூன்று மாதத்தில் அனுப்பிய கொட்டேஷன் 64, தப்பானது இரண்டு. அந்த இரண்டும் மாதக் கடைசியில், சாப்பிடாமல் உட்கார்ந்து அவசரமாக அடித்தவை. 'எப்பவுமே' இப்போது எங்கே போனது?

அடுத்தது 'நீயெல்லாம்'. இந்த 'எல்லாம்' தமிழில் ஒரு பொல்லாத சொல், ஒரே ஆளைத் திட்டும்போதுகூட ஒரு கும்பலையே சேர்த்துத் தள்ளிவைப்பது போல் ஒலிக்கும். செய்த தப்பை விட்டுவிட்டு ஆளையே கீழே தள்ளுகிற வேலை அதனுடையது. தண்டம், மக்கு, உருப்படாதது என்று பெயர் வைப்பதும் அப்படித்தான். பெயரை அடித்துவிட்டு, நடந்ததை வினைச்சொல்லில் எழுதுங்கள்: 'நான் தண்டம்' போய், 'மாதக் கடைசியில் சரிபார்க்காமல் ஒன்று அனுப்பினேன்' வரட்டும். இரண்டாவதற்கு வழி இருக்கிறது, முதலாவதற்கு என்ன வழி?

மூன்றாவது, எதிர்காலத்தையும் அடுத்தவர் மனசையும் பார்த்துவிட்டது போல் சொல்லும் வாக்கியங்கள். "வேலையை விட்டுத் தூக்கிருவாங்க", "அவங்க என்னைப் பத்திச் சிரிச்சிருப்பாங்க". இவற்றுக்குப் பக்கத்தில் 'பார்த்தாயா, கேட்டாயா?' என்று மட்டும் எழுதுங்கள், போதும்.

பதில் வாக்கியம்

இப்போது அந்தத் திட்டுக்கு ஒரு பதில் எழுத வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று "நான் வெற்றியாளர், நான் அற்புதமானவள்" என்று தினமும் பத்து முறை சொல்லச் சொல்வார்கள், எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. 2009-இல் கனடாவில் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், தன்னைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைப்பவர்களுக்கு இந்த மாதிரி நல்ல வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னதும் மனநிலை இன்னும் மோசமானது. ஏன் என்று யோசித்தால் புரியும், நாம் நம்பாத புகழ்ச்சியைக் கேட்டவுடன் உள்ளே இருப்பது "ஆமா, கிழிச்ச" என்று எதிர்ப்பேச்சு பேசும்.

அதனால் பதில் வாக்கியம் இனிப்பாக இருக்க வேண்டாம், நம்பும்படி இருந்தால் போதும். நான் எழுதியது: '64-இல் இரண்டு தப்பு. ஒன்றில் திட்டு வாங்கினேன். மாதக் கடைசியில் எண்களை இன்னொருவரிடம் வாசித்துக்காட்டிவிட்டு அனுப்புவேன்.' இதைப் படித்துவிட்டு அந்தத் திட்டு வாக்கியத்தை எவ்வளவு நம்புகிறேன் என்று மறுபடி மார்க் போட்டால் 95 என்பது 60 ஆனது. பூஜ்யம் ஆகவில்லை, ஆகவும் ஆகாது; 60 ஆனால் ராத்திரி தூக்கம் வரும்.

குரல் சொல்வதில் உண்மை இருந்தால்? சில நேரம் இருக்கும். "நீ அம்மாவுக்குப் போன் பண்ணி ரெண்டு வாரம் ஆச்சு" என்று சொன்னால் அதோடு வாதாடாதீர்கள், போனை எடுத்துப் பேசுங்கள். திட்டில் இருந்து செய்ய வேண்டிய வேலையை மட்டும் உருவிக்கொண்டு மீதியைக் குப்பையில் போடலாம்.

எழுத நேரமில்லாத இடத்தில், நேர்காணலுக்கு வெளியே காத்திருக்கும்போதோ மேடை ஏறுமுன்போ, வேறொரு வழி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸும் சக ஆய்வாளர்களும் 2014-இல் காட்டியது இது: 'நான்' என்று யோசிக்காமல் தன் பெயரைச் சொல்லித் தன்னிடமே பேசியவர்கள், பலர் முன்னால் பேச வேண்டியிருந்தபோது பதற்றத்தை நன்றாகச் சமாளித்தார்கள். அங்கே 'நீ' என்று தன்னை அழைப்பதும் உதவியிருக்கிறது. ஆனால் நமக்குத் திட்டுகிற குரலே 'நீ'யில்தான் பேசுகிறது, வெறும் 'நீ' போட்டால் மறுபடி அதே வாத்தியார் பிரம்போடு வந்து நிற்பார். என் அனுபவத்தில், தங்கையிடம் பேசுவது போல் பெயரோடு ஒரு 'ம்மா', 'கண்ணு', ஆணாக இருந்தால் 'தம்பி' சேர்த்தால்தான் தொனி மாறுகிறது. "சரி கண்ணு, ரெண்டு நிமிஷம் மூச்சு விடு, முதல் கேள்விக்குப் பதில் தெரியும்ல?" வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுவார்.

ராத்திரி இரண்டு மணிக்கு வரும் குரலோடு மட்டும் எதையும் விசாரிக்காதீர்கள். அந்த நேரத்தில் யாருக்கும் புத்தி நேராக இருக்காது. தலைமாட்டில் இருக்கும் நோட்டில் ஒரு வரி கிறுக்கி, 'நாளை சாயங்காலம் ஆறரை' என்று வாய்தா போட்டுவிட்டுத் திரும்பிப் படுங்கள். மறுநாள் ஆறரைக்கு நிஜமாகவே பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும், ஏமாற்றினால் அடுத்த ராத்திரி வாய்தா செல்லாது.

இந்தக் குரல் யாருடையது என்று தோண்டலாமா என்று கேட்பார்கள். எனக்கு அது ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சருடைய குரல் என்று தெரிந்தபோது கொஞ்சம் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கோபம் வந்தது. தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் மேலே சொன்ன வேலை நடக்கும், அதற்காக டீச்சரிடமோ சித்தப்பாவிடமோ போய்ச் சண்டை போட வேண்டியதில்லை.

நோட்டால் ஆகாத கட்டமும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக நாள் முழுக்க மனசு கனத்தே கிடந்தால், தூக்கமும் பசியும் கெட்டுப் பிடித்த விஷயத்தில்கூட நாட்டம் போய்விட்டால், மனநல மருத்துவரைப் பாருங்கள். "நான் இல்லாமல் போனால் தேவலை" என்ற வாக்கியம் தலைகாட்டினால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காமல், வீட்டில் ஒருவரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டு டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

கடைசியாக நோட்டைப் பற்றி ஒன்று. ஒரு மாதம் எழுதியதைப் புரட்டினால் ஆச்சரியமாக இருக்கும், நூறு விதமாகத் திட்டு விழுந்தது என்று நினைத்திருப்போம், பார்த்தால் மூன்று நான்கு வாக்கியம்தான் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கும். எனக்கு நான்கு. அவற்றை நோட்டின் உள்ளட்டையில் நம்பர் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். நேற்றுப் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தபோது 'நீயெல்லாம்' என்று ஆரம்பித்தது. ரெண்டாம் நம்பர் என்று சொல்லிவிட்டு அடுப்பைத் துடைத்தேன்.