பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தில் 'திசெர்த்தாசியோன்' எழுதுவது எப்படி?

பிரெஞ்சு மொழித்திறனில் உயர்நிலையான சி1 சான்றிதழோடு பிரான்சில் இலக்கியம் படிக்கச் சேரும் வெளிநாட்டு மாணவர்கள், இலக்கணப் பிழை அதிகமில்லாத கட்டுரைக்கும் 20க்கு 8 மதிப்பெண் வாங்கித் திகைப்பதுண்டு. 'திசெர்த்தாசியோன்' எனப்படும் அங்குள்ள தேர்வுக் கட்டுரை, நடையழகைப் பார்ப்பதற்கு முன் தலைப்புக்குள் புதைந்திருக்கும் சிக்கலை மாணவர் கண்டுகொண்டாரா என்று பார்க்கிறது. அந்தச் சிக்கலைத்தான் 'ப்ரொப்ளெமாத்திக்' என்கிறார்கள்.

'நாவலால் உண்மையைச் சொல்ல முடியுமா?' என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். 'முடியும், ஏனெனில்' என்று உடனே விடையில் இறங்கிவிடக் கூடாது. தலைப்பின் சொற்களை ஒவ்வொன்றாக வரையறுத்து, அவை எங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன என்று முதலில் தேட வேண்டும். நாவல் தன்னைக் கற்பனை என்றே அறிவித்துக்கொள்கிறது. உண்மையோ சரிபார்ப்பைக் கேட்கிறது. கற்பனை என்று ஒப்புக்கொண்ட ஒன்று எந்த உரிமையில் உண்மை பேசுகிறது என்று கேட்டுவிட்டால், கட்டுரைக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும்.

அதன்பின் 'ப்ளான்', அதாவது கட்டுரையின் அமைப்பு. இலக்கியத்தில் பெரும்பாலும் மூன்று பகுதிகள். முதற்பகுதியில் நாவல் உலகைப் பதிவுசெய்கிறது என்று வாதிடலாம். சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றிய 'ஜெர்மினால்' நாவலை எழுதுவதற்காக பிரெஞ்சு எழுத்தாளர் ஸோலா 1884இல் ஆன்ஸான் சுரங்கப் பகுதிக்கு நேரில் சென்றது இங்கே பொருந்தும். இரண்டாவதில், எழுத்தாளர் தேர்ந்தெடுத்தும் அடுக்கியுமே உலகைக் காட்டுகிறார் என்பதால் அந்தப் பதிவே ஒரு புனைவு என்று மறுக்கலாம். திறமையுள்ள யதார்த்தவாதிகளை மாயை படைப்போர் என்றே அழைக்க வேண்டும் என்று பிரெஞ்சு எழுத்தாளர் மோப்பசான் கருதியது இதற்கு வலுச்சேர்க்கும். பலரும் சறுக்குவது மூன்றாவதில்தான். இரு தரப்பிலும் கொஞ்சம் நியாயம் உண்டு என்று பஞ்சாயத்து செய்து முடிப்பது அங்கே செல்லாது. கேள்வியையே ஒருபடி நகர்த்த வேண்டும்: உண்மை என்பது நிகழ்வோடு ஒத்துப்போவது மட்டும்தானா, அல்லது பார்க்கும் விதத்தை மாற்றுவதும் உண்மையா?

சட்டத் துறையில் மரபு வேறு. அங்கே இரண்டே பகுதிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு உட்பிரிவுகள். அந்தப் பகுதிகளின் தலைப்புகளையும் விடைத்தாளில் எழுதிக் காட்ட வேண்டும். இலக்கியக் கட்டுரையில் அப்படி எழுதினால் குறை காண்பார்கள். முன்னுரையின் இறுதியில் அமைப்பை வாக்கியமாக அறிவித்துவிட்டு, பகுதிகளுக்கிடையே இடைவெளி விட்டால் போதும்.

பத்திக்கு ஒரு கருத்து, அதற்கொரு சான்று, சான்றின் மீது உங்கள் பகுப்பாய்வு என்பதே ஒழுங்கு. மேற்கோளைப் போட்டுவிட்டு அது தானே பேசும் என்று நகர்ந்துவிடக் கூடாது. எதிர்த்தரப்புக்கு ஓரளவு இடங்கொடுக்க 'செர்த்' (உண்மைதான்) என்று தொடங்கினால், பின்னாலேயே 'மே' (ஆனால்) என்றோ 'துத்ஃபுவா' (இருப்பினும்) என்றோ திருப்பம் வந்தாக வேண்டும். வராவிட்டால் வாதம் பாதியில் அறுந்ததாகவே படும். பிறர் கூற்றை உங்கள் பொறுப்பில் ஏற்காமல் எடுத்துரைக்க 'கோந்திசியோனெல்' எனும் நிபந்தனை வினைவடிவம் உதவும். 'நான்' என்பதை ஆய்வுக் கட்டுரையில் தவிர்த்து 'நாம்' என்று எழுதுவதே பாதுகாப்பான வழக்கம்.

நான்கு மணிநேரத் தேர்வென்றால் முதல் ஒரு மணிநேரத்துக்கும் மேலாகத் தலைப்பிலும் அமைப்பிலும் செலவிடத் தயங்க வேண்டாம். முன்னுரையையும் முடிவுரையையும் வரைவுத்தாளில் முழுமையாக எழுதி வைத்துக்கொண்டு, நடுப்பகுதியைக் குறிப்புகளிலிருந்து நேராக விடைத்தாளில் எழுதலாம். முடிவுரையைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒத்திப்போட்டால் அது சோர்ந்துதான் வரும்.

பயிற்சிக்கு முழுக் கட்டுரைகளை எழுதிக் குவிக்கத் தேவையில்லை. ஒரு தலைப்புக்கு முன்னுரையும் விரிவான அமைப்பும் மட்டும் எழுதி ஆசிரியரிடம் காட்டுவது அதிகப் பலன் தரும். ஆசிரியர் பணிக்கான 'அக்ரெகாசியோன்' போட்டித் தேர்வின் நடுவர் குழுக்கள் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏழு மணிநேரக் கட்டுரையில் தேர்வர்கள் எங்கெங்கே தவறினார்கள் என்பதை அவை ஒளிவுமறைவின்றிச் சொல்கின்றன. தலைப்பை மட்டும் படித்து உங்கள் அமைப்பை எழுதிய பிறகே, நடுவர்களின் கருத்துரைக்குச் செல்லுங்கள்.