பிஸ்கட் தகரத்தில் மருந்துக் கிடங்கு

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் அத்தை வீட்டு ஐஸ்பெட்டி மேல் ஒரு பிஸ்கட் தகரம் இருக்கும். திறந்தால் பாதி தின்ற ஆண்டிபயாடிக் அட்டைகள், லேபிள் உரிந்த பாட்டில்கள். "நாளைக்கு எவனாவது கிருமியைத் தூவிட்டா என்னடா பண்ணுவ?" என்பார். கொரோனாவுக்கு அப்புறம் வந்த பயம்.

பயத்தில் தப்பில்லை, தகரம்தான் தப்பு.

2001இல் அமெரிக்காவில் யாரோ ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய பாக்டீரியாவின் தூளைத் தபாலில் அனுப்பி 5 பேர் இறந்தார்கள். தூள் பட்டவர்களை டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின் மாதிரி ஆண்டிபயாடிக்கை 60 நாள் சாப்பிடச் சொன்னார்கள். சுவாசத்தில் போன வித்து, அதாவது உறங்கும் நிலையில் இருக்கும் கிருமி, நுரையீரலில் வாரக்கணக்கில் சும்மா கிடந்து பிறகு முளைக்கும், அதனால்தான். பலர் பாதியில் விட்டுவிட்டார்கள். அத்தையிடம் இருந்ததோ நாலு மாத்திரை! இப்படி ஊருக்கே 60 நாள் மருந்து கொடுக்கத்தான் அரசாங்கக் கிடங்கு. அமெரிக்கா அதை 1999இல் தொடங்கியது.

அங்கே தேதி முடிந்த மருந்தைக்கூட நீட்டிக்கிறார்களாமே என்பார்கள். உண்மைதான். ஆனால் அது வெப்பம் பார்த்துக் காத்த சரக்கு, சோதித்த பிறகே நீட்டிப்பார்கள். ஐஸ்பெட்டியின் தலையில் கை வைத்துப் பாருங்கள், கதகதப்பாக இருக்கும்.

அம்மை என்ற சொல்லும் குழப்புகிறது. பிள்ளைக்குச் சின்னம்மை ஊசி போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அது வேறு கிருமி. நாடுகள் தடுப்பூசி சேர்த்து வைப்பது பெரியம்மைக்கு. 1980இல் ஒழிந்ததாக அறிவித்த நோய், ஆனால் கிருமி இரண்டு ஆய்வகங்களில் இன்னும் இருக்கிறது. தொற்றியபின் மூன்று நான்கு நாளுக்குள் போட்டாலும் அந்த ஊசி காக்கும் என்பதால், அது சீக்கிரம் வந்து சேர்வதுதான் முக்கியம். ஆண்டிபயாடிக் இதற்கு ஒன்றும் செய்யாது.

கிடங்கு இருந்தால் போதும் என்பதும் தவறு. நம் பக்கத்து ஈப்போவிலேயே பார்த்தோம். 1998இல் பன்றிப் பண்ணைகளில் வந்த காய்ச்சலை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுப்புகை அடித்தார்கள், அதற்கான தடுப்பூசியும் போட்டார்கள். அது நிப்பா என்ற வேறொரு வைரஸ் என்று தெரிய 1999 ஆகிவிட்டது. அதற்குள் பல உயிர் போயிற்று, மொத்தத்தில் 100க்கு மேல். கையில் ஊசி இருந்தது, நோய்தான் வேறு. அதனால் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் தகரத்தில் துழாவாமல் அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள், என்ன வேலை செய்கிறீர்கள், எந்தப் பிராணியைத் தொட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

பழைய மருந்துகளை அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்தோம். அத்தை தகரத்தைக் கழுவி முறுக்கு போட்டு வைத்திருக்கிறார்.