நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி போட்ட பின் கவனிக்க வேண்டியவை

தடுப்பூசியைக் காலையில் போட்டுக்கொள்வது நல்லது. ஏதேனும் ஒவ்வாமை தோன்றினால் மருத்துவமனை திறந்திருக்கும் நேரத்திலேயே திரும்பிச் செல்லலாம். ஊசி போட்டவுடன் கிளம்பிவிடாமல், அரை மணி நேரமாவது அங்கேயே காத்திருங்கள்.

அன்று குட்டி சோர்ந்து படுத்திருப்பதும், தீனியை முகர்ந்துவிட்டு விலகுவதும், இலேசான காய்ச்சல் காண்பதும் இயல்பே. இவை பெரும்பாலும் ஓரிரு நாளில் நீங்கிவிடும். ஊசி போட்ட இடத்தில் தோன்றும் சிறு கட்டி கரையச் சில வாரங்கள் ஆகலாம். அது ஒரு மாதத்துக்குப் பின்னும் வளர்ந்தாலோ, 2 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, 3 மாதம் கடந்தும் நீடித்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

உண்மையில் அஞ்ச வேண்டியது கடும் ஒவ்வாமைக்குத்தான். அரிதாக நேர்வதே எனினும், சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் கண்ணைச் சுற்றியும் மூக்குப் பகுதியிலும் வீக்கம், உடலெங்கும் தடிப்பு, ஓயாத வாந்தி, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றக்கூடும். உதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள்: வழக்கமாக இளஞ்சிவப்பாக இருக்கும் ஈறு வெளுத்திருந்தால், ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். பாராசிட்டமால், இப்யூபுரூஃபன் போன்ற நம் மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. அவை நாய்க்கு நஞ்சாகும்.

ஒருமுறை ஒவ்வாமை கண்ட குட்டிக்கு, அடுத்த தவணைக்கு முன்பே மருத்துவரிடம் அதைத் தெரிவித்துவிடுங்கள். தடுப்பூசிகளைத் தனித்தனி நாள்களில் போடவோ, முன்னதாக மருந்து கொடுக்கவோ அவர் முடிவு செய்வார். சிறிய இன நாய்களுக்கு ஒரே நாளில் பல ஊசிகள் போடும்போது இந்த ஆபத்து சற்றுக் கூடுதல் என்பதால், ஊசிகளைத் தனித்தனி நாள்களில் போடும்படி அவற்றை வளர்ப்பவர்கள் கேட்டே பெறலாம். இந்தத் தடுப்பூசிகள் தடுக்கும் கிருமிகளில் ஒன்றான பார்வோ வைரஸ் குட்டிகளின் உயிரையே பறிக்கும் என்பதால், தவணையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.